குதிரைக்கு நாகத்தை எப்படித் தெரியும்?

பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வருகிறது. அடியில் வெள்ளையாக உலர்ந்த தூள் ஒட்டிக் கிடக்கும். 10 மில்லி ஊசிநீர் விட்டு மெல்லச் சுழற்றினால் கரைந்துவிடும்; பிறகு டிரிப்ஸில் கலந்து ஏற்றுவார்கள். லேபிளில் நான்கு பாம்புகளின் பெயரும் ஒரு கணக்கும் அச்சிட்டிருக்கும். கரைத்த மருந்தில் ஒரு மில்லி, 0.6 மில்லிகிராம் நாக விஷத்தை முறிக்கும். கண்ணாடி விரியனுக்கும் அதே அளவு. கட்டுவிரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் 0.45 மில்லிகிராம். ஹைதராபாத்தின் பயாலஜிகல் இ, வின்ஸ் பயோப்ராடக்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. இந்திய நிறுவனங்களுக்குத் தேவையான விஷத்தின் பெரும்பகுதி நம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலிருந்து போகிறது. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் அதைச் சேகரித்துத் தருகிறது.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் நிற்பது ஒரு குதிரை. மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் கூட்டிக் கூட்டி, நான்கு விஷங்களையும் அதன் உடலில் செலுத்துகிறார்கள். விஷத்தைப் பற்றிப் பிடித்து முடக்கும் புரதங்களைக் குதிரை உண்டாக்குகிறது. அவற்றுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். கொரோனா காலத்தில் ஆன்டிபாடி என்று தினமும் காதில் விழுந்த அதே பொருள். ரத்தத்தை எடுத்து, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்மாவிலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்துச் சுத்திகரித்து உலர்த்தினால் குப்பி தயார்.

எதிர்ப்பொருள் ஒரு நச்சுப் புரதத்தைப் பிடிக்க வேண்டுமானால் இரண்டின் மேற்பரப்பும் அணுவுக்கு அணு பொருந்த வேண்டும். நாகம் தீண்டியே இராத குதிரைக்கு அந்த வடிவம் எப்படித் தெரிந்தது? கொரோனா பரவியபோது வின்ஸ் நிறுவனமும், ஹைதராபாத் பல்கலைக்கழகமும், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியும் சேர்ந்து, செயலிழக்கச் செய்த கொரோனா வைரஸைக் குதிரைகளுக்குச் செலுத்தின. குதிரைகள் அதற்கும் எதிர்ப்பொருள் செய்தன. மருத்துவ உலகமே 2019க்கு முன் பார்த்திராத வைரஸ் அது.

குதிரைக்குத் தெரியாது என்பதுதான் விடை. விஷம் உள்ளே வருவதற்கு முன்பே அதன் உடலில் கோடிக்கணக்கான வடிவங்களில் எதிர்ப்பொருள்கள் தயாராக இருந்தன. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் பி செல் என்ற வெள்ளணு ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தைத் தன் மேல் ஏந்திக்கொண்டு ரத்தத்தில் சுற்றுகிறது. விஷத்தோடு ஏதோ கொஞ்சம் பொருந்திப்போன செல்கள் மட்டும் பெருகுகின்றன. ஒவ்வொரு ஊசிக்கும் அவற்றின் மரபணுவில் மேலும் சில எழுத்துகள், அதாவது டிஎன்ஏயின் வேதி அலகுகள், மாறி, பிடி இறுகிக்கொண்டே போகிறது. நம் உடலிலும் இதுவேதான் நடக்கிறது.

அப்படியானால் அத்தனை கோடி வடிவங்களும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? மனித டிஎன்ஏயில் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. கண், ஈரல், மூளை, தசை எல்லாவற்றுக்கும் சேர்த்தே இவ்வளவுதான். மனித உடல் செய்யக்கூடிய எதிர்ப்பொருள் வகைகளோ, 2019ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தார் போட்ட மதிப்பீட்டின்படி, ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியங்கள் வரை போகலாம். நொடிக்கு ஒன்று வீதம் எண்ணினால் 3,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான்.

இந்தக் கணக்கு நேராவதற்கு ஒரே வழிதான் உண்டு. அதை 1976ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் இரண்டு ஜப்பானியர்கள் கண்ணால் பார்த்தார்கள்: சுசுமு தொனேகவா, நொபுமிச்சி ஹொசுமி. எலியின் கருவிலிருந்து கொஞ்சம் டிஎன்ஏ எடுத்தார்கள். எதிர்ப்பொருள் சுரக்கும் எலிப் புற்றுக்கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். குறிப்பிட்ட ஆறு எழுத்துகளைக் கண்ட இடத்தில் மட்டும் டிஎன்ஏயை வெட்டும் ஒரு நொதியை இரண்டிலும் போட்டார்கள். நொதி என்றால் உடலின் வேதிவினைகளை நடத்தும் புரதம். வெட்டுப்பட்ட துண்டுகளை ஒரு கூழ்ப் பாளத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் சின்னத் துண்டு முன்னே ஓடும், பெரிய துண்டு பின்தங்கும். பாளத்தை வில்லை வில்லையாக நறுக்கி, எந்த வில்லையில் எதிர்ப்பொருளின் மரபணு இருக்கிறது என்று கதிரியக்க ஆர்என்ஏ கொண்டு தேடினார்கள். கருவின் டிஎன்ஏயில் அந்த மரபணுவின் இரண்டு பகுதிகளும் வெவ்வேறு வில்லைகளில் கிடந்தன. கட்டியின் டிஎன்ஏயில் இரண்டும் ஒரே வில்லையில். பிறக்கும்போது தள்ளித் தள்ளி இருந்தவை, வளர்ந்த செல்லில் ஒட்டிக்கொண்டிருந்தன.

உடலின் எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் என்று பள்ளியில் படித்தோமே, அதற்கு ஒரு விலக்கு இருப்பது அன்று உறுதியானது. நோயெதிர்ப்புச் செல்கள் தம் டிஎன்ஏயைத் தாமே வெட்டி ஒட்டுகின்றன. இதற்கு மறுசேர்க்கை என்று பெயர். 1987ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு தொனேகவா ஒருவருக்கே போனது.

வெட்டுவது எது, எங்கே? நம் 14ஆம் குரோமோசோமின் ஒரு முனையருகே சுமார் பத்து லட்சம் எழுத்து நீளத்துக்கு ஒரு பகுதி இருக்கிறது. இழுத்துப் பிடித்தால் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதைச் சுருட்டி வைத்திருக்கும் செல்லின் உட்கருவோ அந்த நீளத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு அகலம்தான். அந்தப் பகுதியில் மூன்று வகைத் துண்டுகள் வரிசையாக நிற்கின்றன. வி வகையில் பயன்படக்கூடியவை சுமார் 40. டி வகையில் 23. ஜே வகையில் 6. ஒவ்வொரு பி செல்லும் ஒரு வி, ஒரு டி, ஒரு ஜே என்று எடுத்துச் சேர்த்துக்கொண்டு, இடையில் இருப்பதை வெட்டி எறிகிறது. இது மட்டுமே 5,500 சேர்க்கை. எதிர்ப்பொருளின் மற்றொரு பாதியான இலகுச் சங்கிலியில் முந்நூறு சொச்சம். இரண்டையும் பெருக்கினால் 17 லட்சம் வடிவங்கள்.

வெட்டும் நொதிகளின் பெயர் ராக்-1, ராக்-2. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் டேவிட் ஷாட்ஸ், மார்ஜரி ஓட்டிங்கர், டேவிட் பால்டிமோர் மூவரும் 1989, 1990 ஆண்டுகளில் இவற்றைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சி-ஏ-சி-ஏ-ஜி-டி-ஜி என்று ஏழு எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. சற்றுத் தள்ளி இன்னொரு ஒன்பது எழுத்து அடையாளம். இரண்டுக்கும் நடுவில் 12 எழுத்து இடைவெளி அல்லது 23 எழுத்து இடைவெளி. டிஎன்ஏயின் முறுக்கு ஏறக்குறைய பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்று. ஆகவே 12 என்பது ஒரு சுற்று, 23 என்பது இரண்டு சுற்று. ராக் நொதி ஒரு 12ஐயும் ஒரு 23ஐயும் சேர்த்துப் பிடித்தால்தான் வெட்டும். சட்டையில் பொத்தான் காஜாவோடுதான் சேரும், இன்னொரு பொத்தானோடு சேராது, அதே ஏற்பாடு. வியும் ஜேயும் 23 வைத்திருக்கின்றன, டி தன் இரு பக்கத்திலும் 12 வைத்திருக்கிறது. அதனால் டியை விட்டுவிட்டு வியும் ஜேயும் நேராக ஒட்டிக்கொள்ள வழியே இல்லை. பத்து லட்சம் எழுத்துக் கூட்டத்தில் ஒழுங்கைக் காப்பதில் இந்த எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒட்டும் இடத்தில் நடப்பது அதைவிட வியப்பு. வெட்டுப்பட்ட நுனி தன்னோடு தானே மடிந்து மூடிக்கொள்கிறது. ஆர்டெமிஸ் என்ற வேறொரு நொதி வந்து அதைத் திறக்கிறது. திறக்கும் இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். சில எழுத்துகள் உதிர்கின்றன. அப்புறம் டிடிடி என்ற நொதி, எந்த மூலப்படியையும் பார்க்காமல், தோன்றியபடி சில எழுத்துகளைச் சேர்க்கிறது. டிஎன்ஏயைப் படியெடுக்கும் நொதிகள் ஒரு எழுத்துப் பிழைகூட வராமல் பாடுபடும் அதே உட்கருவில், இந்த ஒரு நொதிக்கு மட்டும் இஷ்டம்போல எழுதும் உரிமை இருக்கிறது. எதிர்ப்பொருளில் எதிரியைத் தொடும் விரல்நுனி சரியாக இந்த ஒட்டிடத்திலிருந்துதான் உருவாகிறது. 17 லட்சம் என்பது 18 சுழியத்தை நோக்கிப் பாய்வது இங்கேதான். விலையும் உண்டு. மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. இஷ்டத்துக்குச் சேர்த்தால் மூன்றில் இரண்டு தடவை வாசகம் குலைந்துவிடும். அப்படிக் குலைந்த செல், தன் மற்றொரு 14ஆம் குரோமோசோமில் முயன்று பார்க்கும். அதுவும் தவறினால் செத்துப்போகும்.

வெட்டும் ராக் நொதிகள் எங்கிருந்து வந்தன? டிஎன்ஏயில் ஓரிடத்திலிருந்து தன்னைத் தானே வெட்டிக்கொண்டு இன்னோரிடத்தில் போய் அமரும் ஒட்டுண்ணித் துண்டுகள் உண்டு. தாவும் மரபணுக்கள் என்பார்கள். ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒன்று நம் மூதாதை மீன்களின் டிஎன்ஏயில் வசப்பட்டு நிலைத்துவிட்டது. கடற்கரை மணலில் புதைந்து வாழும் ஆம்ஃபியாக்ஸஸ் என்ற சிறு உயிரியில் ராக்கின் அந்தப் பழைய தாவும் வடிவம் இருப்பதைச் சீன விஞ்ஞானிகளும் ஷாட்ஸும் 2016ல் காட்டினார்கள். சுறா முதல் குதிரை வரை, தாடை உள்ள எல்லா முதுகெலும்பிகளுக்கும் அதுவே காவல்.

இனி வாசிப்புக்கு வருவோம். ஒருவரின் ஈரலிலிருந்து டிஎன்ஏ எடுத்து வாசித்தால் போதும், எல்லாச் செல்லுக்கும் அது பொருந்தும். பி செல்லில் அது நடக்காது. ஒவ்வொரு செல்லின் ஒட்டிடமும் வேறு. பத்து லட்சம் செல் இருந்தால் பத்து லட்சம் வாசகங்களைத் தனித்தனியாக வாசிக்க வேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு துண்டையும் பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கி, தனியே எடுத்து வாசிப்பார்கள். ஓர் ஆய்வு மாணவரின் பல மாத உழைப்பில் சில நூறு வாசகங்கள் தேறும்.

இந்தச் சுவரை உடைத்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். சங்கர் பாலசுப்ரமணியன், 1966ல் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்து போனவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர். 1997ல் சக பேராசிரியர் டேவிட் கிளெனர்மனோடு பேசிப் பேசி உருவாக்கிய யோசனை, அடுத்த ஆண்டு சொலெக்சா என்ற நிறுவனமானது. 2007ல் இலுமினா அதை வாங்கிக்கொண்டது. இன்று உலகில் வாசிக்கப்படும் டிஎன்ஏயில் பெரும்பகுதி அந்த வழியில் வாசிக்கப்பட்டது.

வழி இதுதான். ஒரு கண்ணாடித் தகட்டில் கோடிக்கணக்கான டிஎன்ஏ துண்டுகளைப் பரப்பி ஒட்டவைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒட்டிய இடத்திலேயே ஆயிரம் பிரதியாகப் பெருகி ஒரு சிறு புள்ளியாகிறது. நான்கு எழுத்துக்கும் ஒளிரும் சாயம் பூசி உள்ளே விடுகிறார்கள். ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் ஒரு தடுப்பு இருப்பதால், ஒரு புள்ளியில் ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதான் சேர முடியும். லேசர் அடித்துப் படம் எடுக்கிறார்கள். எந்தப் புள்ளி எந்த நிறத்தில் ஒளிர்ந்ததோ அதுவே எழுத்து. தடுப்பையும் சாயத்தையும் கழுவிவிட்டு அடுத்த எழுத்து. பெரிய கருவி ஒன்று சுமார் இரண்டு நாளில் ஆயிரம் கோடித் துண்டுகள் வரை வாசித்துவிடும். வி, டி, ஜே சேர்ந்த வாசகம் சுமார் 360 எழுத்து நீளம். சில கருவிகள் ஒரு துண்டை இரு முனையிலிருந்தும் 300 எழுத்து வீதம் படிக்கும். இரண்டும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று படிய, முழு வாசகமும் கிடைத்துவிடுகிறது. இதற்கென்றே அளந்து செய்ததுபோல் அமைந்த பொருத்தம்!

ஒரு சிக்கல் மிச்சம். கருவி நூற்றுக்கோ ஆயிரத்துக்கோ ஓர் எழுத்தைத் தவறாகப் படிக்கும். எதிர்ப்பொருள் மரபணுவும் இயல்பாகவே எழுத்து மாறுகிறது. எது உடல் செய்த மாற்றம், எது கருவியின் பிழை? இதற்குக் கண்டுபிடித்த தந்திரத்தைப் படித்தபோது எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பிரதி எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு மூலக்கூறின் வாலிலும் தாறுமாறான எழுத்துகளாலான ஒரு குறியை, 12 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டிவிடுகிறார்கள். மூலக்கூறுப் பார்கோடு என்று சொல்லலாம். 12 எழுத்தில் 1 கோடியே 67 லட்சம் வெவ்வேறு குறிகள் எழுத முடியும். வாசித்து முடித்தபின் ஒரே குறி கொண்ட பிரதிகளை எல்லாம் ஒன்றாக அடுக்கினால், பெரும்பான்மை சொல்வது உண்மை, ஒன்றிரண்டில் மட்டும் வருவது பிழை. எத்தனை பிரதி எடுத்தாலும் குறி ஒன்றே என்பதால், உடலில் அந்த வாசகம் எத்தனை இருந்தது என்ற கணக்கும் சரியாக வந்துவிடுகிறது.

இந்த முறைகளைக் கொண்டுதான் ஸ்கிரிப்ஸ் ஆய்வாளர்கள் பத்துப் பேரின் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய 300 கோடி எதிர்ப்பொருள் வாசகங்களைப் படித்தார்கள். எந்த இரண்டு பேரை எடுத்தாலும் பொதுவாக இருந்தது சராசரியாக நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தற்செயலாகவே உருவாகியிருந்தால் அந்த அளவுகூட வந்திருக்கக் கூடாது என்பதும் அவர்கள் கண்டதே. டிடிடி இஷ்டத்துக்கு எழுதினாலும் அந்த இஷ்டத்துக்குள் ஏதோ சாய்வு இருக்கிறது.

இதுவரை சொன்னது ஒட்டி முடிந்த வாசகத்தைப் படிப்பது. வெட்டு நடக்கும்போதே பிடிக்க முடியுமா? பாஸ்டனில் ஃபிரெட் ஆல்ட்டின் ஆய்வகம் 2011 முதல் செதுக்கிவரும் முறை அதைச் செய்கிறது. எச்டிஜிடிஎஸ் என்று அதற்குச் சுருக்கப் பெயர். குரோமோசோமில் வெட்டு நிச்சயம் நடக்கும் என்று தெரிந்த ஓரிடத்தை, ஜே துண்டு ஒன்றின் ஓரத்தைப் போல, தூண்டிலாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த நுனி வேறு எந்த நுனியோடு போய் ஒட்டியிருந்தாலும் அது இரை. டிஎன்ஏயை ஒலியதிர்வால் நொறுக்கி, தூண்டில் பக்கத்திலிருந்து மட்டும் பிரதி எடுத்து, அந்தப் பிரதிகளை நுண்மணிகளில் ஒட்டவைத்துப் பிரித்து, மொத்தமாக வாசிக்கிறார்கள். மறுமுனையில் என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. செல்லின் மொத்த டிஎன்ஏயான சுமார் 300 கோடி எழுத்தில் எங்கெல்லாம் ராக் கைவைத்தது என்ற வரைபடம், எழுத்துச் சுத்தமாகக் கிடைக்கிறது.

அந்த வரைபடம் ஒரு பழைய புதிரையும் அவிழ்த்தது. பத்து லட்சம் எழுத்துக்கு அப்பால் நிற்கும் வி துண்டை ராக் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அது தேடிப் போவதில்லை. ஜே துண்டுகள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கோஹீசின் என்ற வளையப் புரதம் டிஎன்ஏயைத் தன் வழியே இழுத்து இழுத்து மடிப்பாக்குகிறது. அந்த ஓட்டத்தில் வி துண்டுகள் ஒவ்வொன்றாக ராக்கின் முன்னால் கடந்து போகின்றன. தூண்டில் வாசிப்புகளைக் குவித்துப் பார்த்தபோது, ஒரு திசையில் மட்டும் சாய்ந்த தடயங்களாக அது தெரிந்தது. 2019, 2020 வாக்கில் வந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்தன.

ராக் சில நேரம் தவறான இடத்திலும் வெட்டுகிறது. 14ஆம் குரோமோசோமின் வெட்டு நுனி, 18ஆம் குரோமோசோமில் பிசிஎல்-2 என்ற மரபணுவின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டால், சாக வேண்டிய செல் சாகாமல் நின்றுவிடும். ஃபாலிகுலர் லிம்போமா என்ற ரத்தப் புற்றில் பெரும்பாலானவற்றின் தொடக்கம் இதுவே. பிசிஎல்-2 ஓரத்தில் ராக்குக்கான ஏழு எழுத்து அடையாளம் இல்லை. பின் ஏன் அங்கே வெட்டு? அந்த இடத்து டிஎன்ஏ வழக்கமான இரட்டைச் சுருள் வடிவத்தில் இல்லாததே காரணம் என்று 2004ல் நேச்சர் இதழில் காட்டிய குழுவின் முதல் ஆசிரியர் சதீஸ் ராகவன். பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வகம் அமைத்து இதே கேள்வியைத் தொடர்ந்தவர்.

மருத்துவத்துக்கு இதில் கைமேல் பலன் உண்டு. பி செல்லில் தோன்றும் ரத்தப் புற்று ஒரே செல்லிலிருந்து பெருகுவது. ஆகவே அத்தனை புற்றுச் செல்லிலும் ஒரே ஒட்டிடம் இருக்கும். சிகிச்சை முடிந்தபின் அந்த ஒட்டிடத்தை மட்டும் தேடினால், பத்து லட்சம் செல்லில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் வாசிப்பில் சிக்கும். நுண்ணோக்கியால் நூற்றில் சில செல் இருந்தால்தான் காண முடியும்.

வெட்டி எறிந்த டிஎன்ஏ என்ன ஆகிறது? நுனிகள் சேர்ந்து சின்ன வட்டமாகி, செல்லுக்குள்ளேயே கிடக்கிறது. பி செல்லின் சகோதரனான டி (T) செல்லும் தன் மரபணுவை இதே ராக் கொண்டு வெட்டி ஒட்டுகிறது. அதிலும் இந்த வட்டங்கள் மிஞ்சும். செல் பிரியும்போது வட்டம் படியெடுக்கப்படாது. எனவே ரத்தத்தில் வட்டம் நிறைய இருந்தால் புது டி செல்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். வட்டமே இல்லாத குழந்தைக்கு நோயெதிர்ப்பே இல்லை. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, தாளில் ஒற்றி உலர்த்திய ஒரு சொட்டு ரத்தம் இதைச் சொல்லிவிடும். 2008ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையைத் தொடங்கியது. பத்தாண்டில் அந்த நாடு முழுவதும் பரவிவிட்டது.

நம் நாட்டுக்கு இது எவ்வளவு அவசியம் என்பதை இரண்டு விஷயங்கள் சொல்கின்றன. பிறந்த உடனே நாம் போடும் பிசிஜி தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. ஆறாவது வாரம் தரும் ரோட்டா சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் செய்யும் ரோட்டாவாக்கும் அந்த வகையே. கோடிக்கணக்கான குழந்தைகளைக் காக்கும் இந்த மருந்துகள், ராக் பழுதோடு பிறந்த ஒரு குழந்தைக்கு மட்டும் ஆபத்து. அந்தப் பழுது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாகும். சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் 2017ல் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களின் மரபணுவை ஆராய்ந்தபோது, அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணந்துவந்த தடயம் தெரிந்தது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் நம் வழக்கம் அந்த வாய்ப்பை இன்னும் கூட்டுகிறது. இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து திரட்டிய தொகுப்பு ஒன்று 2021ல் வெளிவந்தது. நோயெதிர்ப்பே இல்லாமல் பிறந்த குழந்தைகளிடம் அடிக்கடி பழுதாகியிருந்த மரபணுக்களில் ராக்-1, ராக்-2 முன்வரிசையில் இருந்தன.

இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. ஓர் எதிர்ப்பொருள் வாசகத்தைப் படித்ததும், அது எந்த வி துண்டிலிருந்து வந்தது, பிறகு எத்தனை எழுத்து மாறியது என்று அறிய ஒரு பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பிறவி வி துண்டுகளின் உலகப் பட்டியல் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் டிஎன்ஏயிலிருந்து வந்தது. ஒரு தமிழரின் வி துண்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஓர் எழுத்து வேறுபாட்டை, பட்டியலில் இல்லாத காரணத்தால், புதிதாக வந்த மாற்றம் என்று கணினி தப்பாகக் கணக்கெடுக்கும்.

நம்மவர் டிஎன்ஏ உலகத் தொகுப்பில் இல்லையா என்றால், இருக்கிறது. 2015ல் முடிந்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரை வாசித்தார்கள். அதில் பிரிட்டனில் வாழும் இந்தியத் தெலுங்கர் 102 பேர், இலங்கைத் தமிழர் 102 பேர். ஆனால் அந்த டிஎன்ஏ பெரும்பாலும் வந்தது, ஆய்வகத்தில் சாகாமல் வளரும்படி வைரஸ் ஏற்றிய செல்களிலிருந்து. அவை என்ன செல்கள் தெரியுமா? பி செல்கள். ராக் ஏற்கெனவே வெட்டி எறிந்துவிட்ட வி துண்டுகள் அவற்றில் இருக்காது. உடலில் வேறு எந்த மரபணுவை ஆராயவும் அந்தச் செல்கள் போதும். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் அவை ஓட்டை விழுந்த சாட்சி.

பட்டியல் பூரணமாக இல்லாவிட்டால் என்ன நட்டம்? 2022ல் முடிவு வெளியான எச்ஐவி தடுப்பூசிச் சோதனை ஒன்று விடை தருகிறது. குறிப்பிட்ட ஒரு வி துண்டைக் கொண்ட பி செல்களை எழுப்பவே அந்தத் தடுப்பூசியை வடிவமைத்திருந்தார்கள். போட்டுக்கொண்ட 36 பேரில் 35 பேருக்கு வேலை செய்தது. செய்யாத ஒருவரின் டிஎன்ஏயைப் பார்த்தால், அந்த வி துண்டின் தேவையான வடிவம் அவருக்குப் பிறவியிலேயே இல்லை. இனிவரும் தடுப்பூசிகள் இப்படி மரபணுவைக் குறிவைத்தே வரப்போகின்றன. உலகுக்கே தடுப்பூசி செய்யும் நகரம் ஹைதராபாத். தான் ஊசி போடும் மக்களின் வி துண்டுகள் எவை என்று அந்த நகரம் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியர்களை வாசித்து 2025 ஜனவரி 9 அன்று தரவை வெளியிட்டது. வாசித்த மையங்களில் ஹைதராபாத் ஹப்சிகுடாவில் இருக்கும் சிசிஎம்பியும் ஒன்று. இதற்கான டிஎன்ஏ நேரடியாக ரத்தத்திலிருந்து எடுத்தது. ரத்த வெள்ளணுக்களில் பி செல் சிறுபான்மை என்பதால் ராக்கின் வெட்டு அதில் பெரிதாகக் குழப்பாது. ஆனால் வாசித்தது சிறு சிறு துண்டுகளாக. வி துண்டுகளோ ஒன்றைப் போலவே மற்றொன்று இருப்பவை. 150 எழுத்துத் துண்டை வைத்துக்கொண்டு எது எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாது. ஒரே மூச்சில் பத்தாயிரம், இருபதாயிரம் எழுத்தைப் படிக்கும் நெடுவாசிப்புக் கருவிகள் இப்போது இருக்கின்றன. அமெரிக்காவில் 154 பேரின் 14ஆம் குரோமோசோம் பகுதியை அப்படிப் படித்து, பிறவி வேறுபாடுகளே ஒருவரின் எதிர்ப்பொருள் இருப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று 2023ல் காட்டிவிட்டார்கள்.

ஜீனோம் இந்தியாவுக்காகத் திரட்டிய ரத்த மாதிரிகள் பெங்களூருவின் மூளை ஆய்வு மையத்தில் உறைநிலையில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றிலிருந்து சமூகத்துக்குச் சிலராக எடுத்து, 14ஆம் குரோமோசோமின் அந்தப் பத்து லட்சம் எழுத்தை மட்டும் நெடுவாசிப்பில் படித்து, யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். உயிரித் தொழில்நுட்பத் துறை இதை அடுத்த கட்டப் பணியாக எடுத்துக்கொள்ளட்டும். செலவில் ஒரு பங்கைத் தடுப்பூசி நிறுவனங்களும் ஏற்கலாம். முதல் பலன் அவற்றுக்குத்தான்.